மாஸ்டரின் பிடரி

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், “இந்தத் தடவை பாருங்க மாஸ்டர், நம்ம கட்சி...” என்று வாயைத் திறந்ததுமே மாஸ்டரின் இடது கை அவருடைய உச்சந்தலையில் போய் உட்கார்ந்துவிடும்.

“கொஞ்சம் குனிங்க.”

தாடை நெஞ்சில் இடிக்கும் அளவுக்குத் தலை தாழ்ந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட பேச்சாளருக்கும் பேச்சு வராது. முக்கலும் முனகலும்தான் வரும். குனிய வைத்துவிட்டுச் சும்மா நிற்க முடியாதல்லவா, அதனால் மாஸ்டர் பிடரியில் மிஷினை ஓட்டுவார். அரசியல் அடங்கும்வரை ஓட்டுவார். அடங்கிவிட்டது என்று நம்பி நிமிர்த்துவார். “அதாவது மாஸ்டர், நான் என்ன சொல்ல வந்தேன்னா...” என்று அவர் மறுபடி தொடங்கினால், மறுபடியும், “கொஞ்சம் குனிங்க.” மிஷின் இன்னும் ஒரு விரற்கடை மேலே ஏறும்.

பல வருஷமாக இப்படித்தான். மற்றபடி சாது மனிதர். இரண்டே நாற்காலி போட்ட சலூன். அதில் ஒன்று, உட்கார்ந்தவரைச் சுமந்தபடி மெல்ல மெல்லக் கீழே இறங்கும். வெட்டி முடிப்பதற்குள் அவர் கண்ணாடியில் நெற்றி மட்டும் தெரிகிற உயரத்துக்குப் போயிருப்பார். ரேடியோ பாடும். செய்தி தொடங்கினால் மாஸ்டர் ஓடிப்போய் அணைப்பார். கண்ணாடிக்கு மேலே பூனைக்குட்டி படம் போட்ட காலண்டர். பூனையின் கழுத்து ரிப்பன் பூட்டுச் சின்னக் கட்சியின் கொடி நிறத்தில் இருக்கிறதே என்று யாரோ ஒருமுறை சொல்லிவைத்தார். அன்றே அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். இப்போது அது கழுத்தில் அடிபட்ட பூனை.

இவ்வளவு பயம் அவருக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பாவும் இதே கடையில்தான் வெட்டினார். ஒருநாள் முதல் நாற்காலிக்காரர் ஏதோ கட்சிப் பேச்சுப் பேச, அப்பா ஒரு மரியாதைக்கு “சரிதான்” என்றார். அந்த ஒரு சொல்தான். இரண்டாம் நாற்காலியில் பாதி முகம் மழித்த நிலையில் இருந்த எதிர்க்கட்சிக்காரர் துணியை உதறிவிட்டு எழுந்து போய்விட்டார். மீதிப் பாதியை வேறு கடையிலும் மழித்துக்கொள்ளவில்லை. ஒரு கன்னம் வழவழப்பும் ஒரு கன்னம் தாடியுமாகத் தெருத்தெருவாகச் சுற்றி, “பாருங்க, அந்தக் கடையில எங்க ஆளுங்களுக்குப் பாதிதான்” என்று காட்டினார். கடையில் பாதிக் கூட்டம் குறைந்தது. தலை என்று பார்த்தால் எல்லாக் கட்சியிலும் ஒரே மாதிரிதான் முடி முளைக்கிறது. அதில் ஒரு பக்கத்தை இழக்க எந்தச் சலூனுக்கும் கட்டாது.

குனிவதற்கு முன்னால் கிடைக்கும் அந்த இரண்டு நிமிஷத்தில் மாஸ்டர் எத்தனையோ கேட்டிருக்கிறார். பக்கத்து மருந்துக்கடைக்காரர் பூட்டுக் கட்சியின் கிளைச் செயலாளர். மச்சினன் கரண்டிக் கட்சியில் இருப்பதால் இவர் பூட்டில் சேர்ந்தாராம். மச்சினனோ, இவர் பூட்டில் இருப்பதால்தான் கரண்டிக்குப் போனாராம். யார் முதலில் போனது என்பது அந்த வீட்டில் இன்றுவரை தீரவில்லை. சலவைக்காரர் கரண்டியை விட்டு வந்தது, கூட்டத்தில் அவரைப் பின்வரிசையில் உட்கார வைத்ததற்காக. பூட்டில் முன்வரிசை கொடுத்தார்கள், ஆனால் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே. காது அடைத்துப்போய் மறுவாரமே திரும்பிவிட்டார். இன்னொருவர் வீடு முழுக்கக் கட்சி நிறத்தில் பெயிண்ட் அடித்தவர். “கொள்கை எனக்கு எப்பவோ கசந்துபோச்சு மாஸ்டர். பெயிண்ட் உரியிறவரைக்கும் இருந்துதானே ஆகணும்?”

வினை போன தேர்தலில் வந்தது. பூட்டு ஜெயித்தது. ஜெயித்தவர்கள் வாய் மூடவில்லை. அதனால் அவர்கள் பிடரியெல்லாம் மேலேறிப் பளபளத்தது. தோற்ற கரண்டிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பெருமூச்சு மட்டும் விட்டார்கள். அதனால் அவர்கள் பிடரிமுடிக்கு ஒரு சேதமும் இல்லை. சில மாதத்தில் தெருவில் பின்னாலிருந்து பார்த்தாலே யார் எந்தக் கட்சி என்று தெரிந்தது.

கடையிருக்கும் கட்டடத்தின் சொந்தக்காரர் கரண்டிக் கட்சியின் கிளைச் செயலாளர். வாசலிலேயே நின்று கேட்டார்.

“என்னய்யா மாஸ்டர், என் கடையில இருந்துகிட்டே பூட்டுக்காரனுக்கெல்லாம் அடையாளம் போட்டு அனுப்புறியாமே?”

“ஐயோ, அதெல்லாம் இல்லீங்க முதலாளி. அவங்க குனியிறாங்க, நான் வெட்டுறேன்.”

“எங்க ஆளுங்க மட்டும் குனிய மாட்டாங்களா? நாளையிலேருந்து அவனுங்களைவிட ஒரு விரல் மேல வெட்டு.”

அதிகம் பேசுகிறவர்களை அடக்கத்தான் வெட்டினேன் என்று மாஸ்டரால் எப்படிச் சொல்ல முடியும்? வெட்டினார். மறுநாளே மருந்துக்கடைக்காரர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து, அதைவிட ஒரு விரல் மேலே கேட்டார். இப்படியே காதைத் தாண்டிப் போனது. இனியும் ஏறினால் உச்சியில் நாலு முடி மட்டும் மிஞ்சும் என்று தெரிந்தபோது இரு தரப்பும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தன. பூட்டுக்காரர்களுக்குப் பிடரியில் நேர்க்கோடு. கரண்டிக்காரர்களுக்கு வளைவு. நாட்டில் வேறு எந்த விஷயத்திலும் இவ்வளவு சீக்கிரம் அவர்கள் ஒத்துப்போனதில்லை.

அப்போதுதான் தபால்காரர் வந்தார். அவருக்குக் கட்சி கிடையாது. பிடரிமுடி சட்டைக் காலரில் புரளும்.

“மாஸ்டர், எந்தக் கட்சியும் வேணாம்னு முடி வெட்டாம இருக்கிறவங்க நாங்க கொஞ்சம் பேர் சேர்ந்திருக்கோம். கிளை ஆரம்பிக்கிறோம். நீங்கதான் தலைவர்.”

“நானா? நான் எந்தக் கட்சியும் இல்லைங்களே!”

“அதான் தகுதியே.”

மாஸ்டர் தன் பிடரியைத் தடவிப் பார்த்தார். வேலை மும்முரத்தில் வெட்டாமல் விட்டது, காலருக்குக் கீழே இறங்கியிருந்தது. இந்தச் செய்தி முதலாளி காதுக்குப் போகப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“என் கடையில உட்கார்ந்து தனிக் கட்சியா நடத்துற? நாளைக்குக் காலையில வருவேன். உன் கழுத்துல வளைவு இருக்கணும். இல்லேன்னா சாமானைத் தூக்கிக்கோ.”

அவர் போனதும் மருந்துக்கடைக்காரர் தலையை நீட்டினார். “நானும் வருவேன் மாஸ்டர். நேர்க்கோடு இல்லேன்னா எங்க ஆளு ஒருத்தன்கூட இந்தப் படி ஏறமாட்டான்.”

இந்தக் கடை போனால் மாஸ்டருக்கு வேறு போக்கிடம் இல்லை. இரண்டு நாற்காலியையும் வீட்டுக்குள் போட்டால் அவரும் மனைவியும் நின்றுகொண்டுதான் தூங்க வேண்டும். கடையைக் காப்பாற்ற வளைத்து வெட்டினால், பாதித் தலைகள் வராத கடைக்கு வாடகை எங்கிருந்து கொடுப்பது?

ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவருக்கு வெட்டுவது அவர் மனைவிதான். சாயங்காலம் சமையற்கட்டில் முக்காலி போட்டு உட்கார வைத்தார்.

“நேரா வெட்டவா, வளைச்சு வெட்டவா?”

“ரெண்டும் வேணாம்.”

“அப்ப விட்டுடவா?”

“அய்யய்யோ, விட்டா தலைவராக்கிடுவாங்க.”

“நேராவும் கூடாது, வளைவும் கூடாது, வெட்டாமலும் இருக்கக் கூடாதுன்னா, நான் என்ன உங்க கழுத்துல கோலமா போடறது?”

மாஸ்டருக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் இவளிடம் இதைக் கேட்டதே இல்லை.

“ஏம்மா, நீ எந்தக் கட்சிக்கு...”

மனைவியின் இடது கை அவர் உச்சந்தலையில் போய் உட்கார்ந்தது.

“கொஞ்சம் குனிங்க.”

கத்தரிக்கோல் பேசியது. கழுத்தோரம் ஏதோ சில்லென்று ஓடியது. நேராக ஓடியதா வளைந்து ஓடியதா என்று கவனிப்பதற்குள் முடிந்துவிட்டது. நிமிரப் போனவரின் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டை இறுக்கிச் சுற்றினார் மனைவி.

“என்னன்னு பார்க்காதீங்க. பார்த்துட்டா உங்க மூஞ்சி காட்டிக்கொடுத்துடும்.”

காலையில் முதலாளி வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். மருந்துக்கடைக்காரர் இரண்டாவதில் உட்கார்ந்து உடனே கீழே இறங்கத் தொடங்கினார். தபால்காரர் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“துண்டை எடுய்யா” என்றார் முதலாளி.

மாஸ்டரின் கை துண்டுக்குப் போனது. யாரிடமும் பொய் சொல்லாத முகம். உள்ளே என்ன இருக்கிறது என்று நிஜமாகவே தெரியாத முகம். அதைக் கண்ணாடியில் பார்த்த முதலாளி கணக்குப் போட ஆரம்பித்தார். மருந்துக்கடைக்காரன் பக்கத்தில் இருக்கும்போது, உள்ளே நேர்க்கோடாக இருந்துவிட்டால்? கீழே இறங்கிக்கொண்டிருந்தவரும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன அவசரம் முதலாளி?” என்றார் அவர், நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு. “காத்து வேற சில்லுன்னு அடிக்குது.”

“நானும் அதான் பார்த்தேன். இருக்கட்டும், இருக்கட்டும். சளி கிளி பிடிச்சுக்கப் போகுது.”

வாசலிலிருந்து தபால்காரரும், “ஆமா ஆமா” என்றார்.

அன்று சுற்றிய துண்டு இன்னும் அவிழவில்லை. எந்த வெயிலிலும் அதோடுதான் வேலை. கடைக்குள் ஆட்களுக்கு முதுகு காட்டாமல் நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே நடக்கப் பழகிவிட்டார். மாஸ்டர் எங்கள் ஆள்தான் என்று பூட்டுக் கட்சி தன் தலைமைக்குத் தெரிவித்திருக்கிறது. கரண்டிக் கட்சியும் தெரிவித்திருக்கிறது. தபால்காரரின் கிளை, தலைவர் ஓய்வில் இருப்பதாகச் சொல்கிறது. வாடகை ஏறவில்லை. கூட்டம் குறையவில்லை. மாதம் தவறாமல் மனைவி வெட்டிவிட்டு, தன் கையாலேயே துண்டைச் சுற்றி அனுப்புகிறார்.

மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரங்களில் மாஸ்டர் சின்னக் கைக்கண்ணாடியை எடுக்கிறார். பெரிய கண்ணாடிக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று, கைக்கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடிக்கிறார். துண்டின் முடிச்சு வரைக்கும் விரல் போகிறது. பிறகு அதை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துக் கவிழ்த்து வைக்கிறார்.