சிவப்பு நூல் கட்டிய சாக்கு

கடந்த வருடம், சரஸ்வதி பூசை நாள். காலை ஆறு ஐம்பதுக்குப் பரந்தன் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். முதலில் கண்ணில் பட்டவை நீலத் தறப்பாள்கள். விளைச்சலை விற்க வீதியோரம் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த கமக்காரர் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. மழை இல்லை. ஆனாலும் விலை சொல்வதற்கு முன் எல்லோரும் கிழக்கு வானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.

நான் இருப்பது பூநகரிப் பக்கம். மாரி பிடித்துவிட்டால் வெள்ளம் வீதியை மூடும், பஸ் நின்றுவிடும். பிறகு வீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் சாப்பாடு. அதனால் ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன் பரந்தனுக்கு வந்து, கமக்காரரிடமே சாமான் வாங்கி வாளிகளில் அடைத்து வைப்பேன். அன்று செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், புளி, பயறு எல்லாம் வாங்கியாகிவிட்டது. கௌபிப் பயறுதான் மிச்சம். அதில் பக்கத்து வீட்டு ரீச்சருக்கும் பங்கு. எங்கள் ஊர் முன்பள்ளியை நடத்துபவர் அவர். அன்று பின்னேரப் பூசைக்குப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுக்க ஒரு கிலோ கேட்டிருந்தார்.

கௌபி வைத்திருந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். முன்னால் இருந்த சாக்கில் கையை விட்டு அள்ளிப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஓட்டை.

"இது வண்டு குத்தினது, தம்பி. மாரிக்கு வைக்கிறதெண்டால் சரிவராது."

"வண்டுக்கு நான் தனியாக் காசு எடுக்கிறேல்லை, அக்கா" என்றார் அவர்.

அவருக்குப் பின்னால் சிவப்பு நூலால் வாய் கட்டிய சிறிய சாக்கு ஒன்று இருந்தது. அது என்னவென்று கேட்டேன். அதுவும் கௌபிதான் என்றார். திறந்து காட்டச் சொன்னேன். ஒரு மணியில்கூட ஓட்டை இல்லை. விரலில் மெல்லிய வெண்தூள் ஒட்டியது. வண்டு பிடிக்காமல் இருக்க எங்கள் பக்கத்தில் தானியத்துக்குச் சாம்பல் கலந்து வைப்பது வழக்கம். சாம்பல்தானே, கழுவினால் போய்விடும் என்று நினைத்தேன். இதில்தான் இரண்டு கிலோ வேண்டும் என்றேன். அவர் ஒருதரம் தேநீர்க் கடைப் பக்கம் பார்த்தார். "மனுசி தேத்தண்ணி குடிக்கப் போட்டா" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிவிட்டு நிறுத்துக் கொடுத்தார். நிறுக்கும்போது, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

மதியத்துக்கு முன் வீடு வந்து, பாதியை ரீச்சரிடம் கொடுத்தேன். ஒரு பிடியை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்துவிட்டு, "எங்கையக்கா இப்பிடிச் சோக்கான கௌபி பிடிச்சனீங்கள்?" என்றார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. என் பங்கை வாளியில் போட்டு மூடினேன்.

ஐந்து மணிபோல் வாசல் படலைக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. காலையில் கௌபி நிறுத்துக் கொடுத்தவர். அவருக்குப் பின்னால் இருந்த பெண் வண்டி நிற்பதற்குள் குதித்து இறங்கினார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அக்கா, கௌபியை அவிச்சுப் போட்டீங்களோ?"

இல்லை, வாளியில் இருக்கிறது என்றேன். நிறையில் ஏதோ பிழை, அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெண் படலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"அது விதைக் கௌபி, அக்கா. வண்டு பிடியாமல் இருக்க மருந்துத் தூள் போட்டுப் பிரட்டி வைச்சது. தமையனுக்கு விதைக்கக் குடுக்கக் கொண்டுவந்தனான். சிவப்பு நூல் கட்டின சாக்கைத் தொடாதேங்கோ எண்டு இந்த மனுசனுக்கு எத்தனை தரம் சொன்னனான்!"

"அக்காதானே காட்டிக் கேட்டவா" என்றார் கணவர், வண்டியில் இருந்தபடியே.

"காட்டிக் கேட்டால் என்ர தாலியையும் கழட்டி நிறுத்துக் குடுப்பியளோ?"

அவர்கள் பேசியது காதில் விழுந்தது. ஆனால் என் கண் பக்கத்து வீட்டில் இருந்தது. கதவு பூட்டியிருந்தது. குசினியில் புகை இல்லை. ரீச்சர் அவித்து எடுத்துக்கொண்டு சனசமூக நிலையத்துக்குப் போய்விட்டார். அங்கேதான் பூசை. முன்பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அங்கே.

பாதியை என்ன செய்தேன் என்று சொன்னேன். அவித்தால் மருந்து போகுமா என்று கேட்டேன். அந்தப் பெண் தலையை இல்லை என்று அசைத்தார். ரீச்சருக்குப் போன் எடுத்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி எடுத்தேன். மறுபடியும் அதுதான்.

"நீங்கள் இவரோட ஏறிப் போங்கோ. நான் ஓடி வாறன்" என்றார் அந்தப் பெண்.

சனசமூக நிலையம் அதிக தூரமில்லை. ஆனால் வீதி முழுக்கக் குழி. பாதி வழியில் பிள்ளைகள் பாடுவது கேட்டது. பிறகு பாட்டு நின்றது. பூசை முடிந்துவிட்டது, இப்போது இலைத்துண்டில் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு வந்த வீதி எனக்கு ஞாபகமில்லை.

வாசலில் சின்னச் செருப்புகள் நிறைந்து கிடந்தன. உள்ளே பிள்ளைகள் வரிசையாக நிலத்தில் இருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் வாழையிலைத் துண்டு. ஓடிப்போய் முதல் இலையைப் பார்த்தேன். வெறுமை. அடுத்ததும் வெறுமை. அவித்த கௌபி இருந்த சருவப் பானை சரஸ்வதி படத்துக்கு முன்னால் மூடியபடி இருந்தது.

ஐயர் வேறொரு பூசையில் அகப்பட்டு இன்னும் வந்து சேரவில்லை. "பிள்ளையளுக்குப் பசிக்குது, ஒரு பிடி குடுத்தால் சாமி கோவிக்குமோ?" என்று தாய்மார் சிலர் ரீச்சரோடு வாதாடிக்கொண்டிருந்தார்கள். பூசை முடியாமல் ஒருவருக்கும் இல்லை என்று ரீச்சர் மறித்து நின்றார்.

நான் அவரின் கையைப் பிடித்தேன். "உப்புப் பாத்தனீங்களோ?"

ரீச்சரின் முகம் மாறியது. "என்னக்கா கதைக்கிறீங்கள்? படையலுக்கு ஆர் உப்புப் பாக்கிறது?"

மருந்து விஷயத்தைச் சொன்னேன். ரீச்சர் சருவத்தைப் பார்த்தார், பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். ஒரு தாய் வேகமாகப் போய்த் தன் மகளின் வாயைத் திறந்து பார்த்தாள். அதைக் கண்டு மற்றத் தாய்மாரும் ஒவ்வொரு வாயாகப் பார்த்தார்கள். ஒரு பிள்ளையும் சாப்பிடவில்லை.

அந்தப் பெண் ஓடி வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. மண்வெட்டி கேட்டு வாங்கி, கிணற்றிலிருந்து எட்டத்தில், கோழி கிளறாத ஆழத்துக்குத் தானே வெட்டினார். கணவர் உதவ வந்தபோது, "நீங்கள் தள்ளி நில்லுங்கோ, காட்டிக் கேட்டால் இதையும் குடுத்துப்போடுவியள்" என்றார். சருவத்தையும் குழிக்குள் வைக்கச் சொன்னார்.

"அது என்ர கலியாணச் சருவம்" என்றார் ரீச்சர். பிறகு அவரே கொண்டுவந்து குழியில் வைத்தார்.

ஐயர் வந்தபின் அவலும் வாழைப்பழமும் வைத்துப் பூசை நடந்தது. பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, வாளியில் இருந்த கௌபியை அந்தப் பெண் தன் பையில் கொட்டி, வாயை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். எங்கள் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். ஊர்ப் பெயர் மட்டும் கணவருக்கு ஞாபகம் இருந்ததாம். கண்ணாடி போட்ட அக்கா, காலையில் பரந்தனுக்குப் போனவா என்று சொல்லி, ஊர் எல்லையில் இருந்து ஒவ்வொரு படலையிலும் கேட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் வராமல் இருந்திருந்தால், அந்தக் கௌபி யாரிடம் வாங்கியது என்று என்னால் யாருக்கும் காட்டியிருக்க முடியாது. அவர்களின் ஊர் எது என்று நான் கேட்டிருக்கவில்லை.

தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னொருத்தருக்கும் அரைக் கிலோ குடுத்தவராம், அக்கா. சைக்கிளில வந்த ஒரு ஐயா. எந்த ஊரெண்டும் கேக்கேல்லையாம்" என்றார் அந்தப் பெண்.

என் போன் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு இருட்டுவதற்குள் புறப்பட்டார்கள். எங்கள் பிள்ளைகள் தப்பிவிட்டார்கள் என்ற ஆறுதல் அந்த வண்டி வளைவில் மறைகிற வரைதான் இருந்தது. அந்த ஐயாவின் வீட்டில் யார் யார் இருக்கிறார்களோ, அங்கே இந்நேரம் அடுப்பில் என்ன இருக்கிறதோ என்று யோசித்துக்கொண்டே சமைத்தேன். சமைத்ததைச் சாப்பிட முடியவில்லை. இப்போதும் ஒரு ஓட்டைகூட இல்லாத தானியத்தைக் கண்டால் என் கை பின்வாங்குகிறது. விற்பவரிடம் இரண்டு கேள்வி கேட்காமல் வாங்குவதில்லை.

மறுநாள் காலை அந்தப் பெண் அழைத்தார். சந்தியில் விசாரித்து அந்த ஐயாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். அவர் கௌபி வாங்கியது விதைக்க. முதல்நாள் மத்தியானமே தோட்டத்தில் ஊன்றிவிட்டிருந்தார்.