டியூஷன் வாசலில் கணக்குப் போட்ட அக்கா

மலேசியாவின் சுங்கை பினாங்கில் என் மகன் போகும் டியூஷன் வகுப்புக்கு வெளியே, பெற்றோர் காத்திருக்க நாற்காலிகள் போட்டிருப்பார்கள். எல்லோரும் கைப்பேசியில் மூழ்கியிருப்போம். நர்ஸ் உடையில் வரும் ஓர் அக்கா மட்டும் பத்தாம் வகுப்புக்குச் சமமான நான்காம் படிவக் கணக்குப் புத்தகத்தை மடியில் விரித்து, உதடு அசையக் கணக்குப் போடுவார். தப்பாக வந்தால் அழிக்க மாட்டார். பக்கத்திலேயே மறுபடி போடுவார்.

"கணக்கும் சொல்லிக் கொடுக்கறீங்களா அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லம்மா, கிளினிக்ல வேலை. மக கணக்குல ஃபெயிலாயிட்டா. எனக்குத் திட்டத்தான் தெரிஞ்சிச்சு. இப்ப அவ என்கிட்ட பேசறதே இல்லலா. அதான் நானும் படிக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டிலும் அதே நிலைதான்.

அன்று அவர் போட்டது கூட்டுத் தொடர். 3, 7, 11, 15 என்று நான்கு நான்காகக் கூடும் எண்கள்.

"மொதலையும் கடைசியையும் கூட்டுங்க, பதினெட்டு. நடுவுல உள்ள ரெண்டையும் கூட்டுங்க."

அதுவும் பதினெட்டு.

"எவ்வளவு நீளமா இருந்தாலும் இப்படித்தான் ஜோடி சேரும். நேத்துதான் எனக்கே புரிஞ்சிச்சு," என்று பள்ளிப் பெண்ணைப் போலச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகன் பக்கத்தில் உட்கார்ந்து, திட்டாமல், அதைப் போட்டுக் காட்டினேன். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"யாரும்மா சொல்லிக் கொடுத்தா?"

"என்கூடப் படிக்கிற ஒரு அக்கா," என்றேன். வெகு நாளுக்குப் பிறகு அவன் சிரித்தான்.

வேலை நேரம் மாறிவிட்டதோ என்னவோ, அந்த அக்கா பிறகு வரவில்லை. பெயரும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. வீட்டில் விளக்கேற்றும்போது, அவர் மகள் அவரோடு பேச வேண்டுமென்றும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன்.