ஆற்றில் பெலிடா

எனக்கு வயது எழுபத்து நான்கு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன், ஒருவரும் சோடை போகவில்லை. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு சரி. அதனால் மெல்லத்தான் எழுதுவேன்.

கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஆறு போகிறது. வேலையிலிருந்து நின்ற பிறகு வீட்டுக்காரர் தினமும் அங்கேதான் தூண்டில் போட்டார். போன வருஷம் ஒருநாள் வெறுங்கையோடு வந்து, "பெலிடா மீனு மாட்டுச்சு. கத்தி மாதிரி தட்டையா, இந்த நீளம். தூண்டில் நரம்ப அத்துக்கிட்டு ஓடிடுச்சு" என்றார்.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மூத்தவன் சிரித்தான். "அந்த ஆத்துல பிள்ளைங்க போட்ட பெம்பர்ஸ்தான்பா மாட்டும். பெலிடாவாம் லா!"

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே கேலிதான். "என்னப்பா, பெலிடா சௌக்கியமா?" அவர் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவார். கடைசி மகளிடம் மட்டும் சொன்னார். "நீ தண்ணிய சோதிக்கிறவதானே? பார்த்துச் சொல்லு. நான் பொய் பேசறவன் இல்ல."

அவளுக்கு அதுதான் உத்தியோகம். மீனைப் பிடிக்கவே வேண்டாமாம். மீனின் செதில், வழவழப்பு, கழிவு எல்லாம் தண்ணீரில் கலந்திருக்கும். அதிலிருக்கும் டிஎன்ஏவைப் பார்த்தால் எந்த மீன் என்று தெரிந்துவிடுமாம். ஒரு போத்தல் மொண்டு போனாள். சோதித்ததில் பெலிடா இருந்தது. கெம்போங் மீனும் இருந்தது.

"கடல் மீனு ஆத்துக்கு எப்படிடி வந்துச்சு?" என்றேன்.

"பாசார்ல மீன் கழுவுற தண்ணி இதுலதானம்மா விழுது. பெலிடாவும் அங்கேருந்து வந்திருக்கலாம். செத்த மீனோட டிஎன்ஏகூட தண்ணியில கொஞ்ச நாள் கிடக்கும். ஆர்என்ஏ அப்படியில்ல, சீக்கிரம் அழிஞ்சிடும். அது கிடைச்சா மீன் இப்ப உயிரோட இருக்குன்னு நம்பலாம்."

மறுபடி வந்தாள். பாசார் சாக்கடை சேரும் இடத்துக்கு மேலே போய், கரையிலேயே தண்ணீரை வடிகட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போனாள்.

முடிவு வருவதற்குள் அவர் போய்விட்டார். காலையில் மைலோ கேட்டார். கலக்கிக்கொண்டு வந்தபோது உயிர் இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மகள் போன் செய்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அம்மா, ஆர்என்ஏ கிடைச்சிருச்சு. ஆத்துல பெலிடா இருக்கு. அப்பா சொன்னது உண்மைம்மா." சொல்லிவிட்டு அழுதாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தால், தண்டும் இலையும் வேரும் ஒரே சட்டியில் கிடந்தன. அப்படியே சமைத்தேன். உப்பு போட்டேனா என்று தெரியவில்லை.

மறுநாள் ஆற்றங்கரைக்குப் போனேன். தண்ணீர் பழுப்பாக ஓடியது. மீன் எதுவும் கண்ணில் படவில்லை. கொடியில் துணி கிடக்கிறதே என்று திரும்பி வந்தேன்.

மூத்தவனிடம் தானே சொல்வதாக மகள் சொன்னாள். நான்தான் தடுத்தேன். அவர் மனைவி நான், நான் சொல்கிறேன் என்றேன். ஆனால் அவன் வரும்போதெல்லாம் வாய் திறக்கவில்லை. அதனால் எழுதினேன்.

இன்று ஞாயிறு. ஹாலில் உட்கார்ந்து டிவி பார்க்கிறான். அவன் மகள் என் பக்கத்தில் இருக்கிறாள்.

கண்ணு, இதை முதலிலிருந்து படி. அத்தை போன் செய்த இடம் வந்ததும் சத்தமாகப் படி. உன் அப்பாவுக்குக் கேட்கட்டும்.