க்ளோஸ் ஆன குழி

பலகையை இழுத்துக் குழியின் மேல் போட்டு, ஒரு காலால் மிதித்து, ஆடவில்லை என்று தெரிந்த பிறகுதான் கங்கையம்மாள் மீனை இறக்குவாள். அது மீன் பரப்புகிற பலகை. மூன்று மாதமாகக் குழிக்கு மூடியாக இருக்கிறது. சங்கராவும் நெத்திலியும் உரச்சாக்கின் மேல், தரையில் கிடக்கின்றன. வாங்க வருகிறவர்கள் குனிந்து பார்க்கச் சலித்துக்கொண்டு பாதிப் பேர் போய்விடுகிறார்கள். போகட்டும் என்கிறாள்.

மாடம்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் என் பஞ்சர் கடைக்கு நாலடி தள்ளி அவள் இடம். விடிவதற்குள் கோவளம் போய் மீன் எடுத்து, ஏழரைக்கு லோடு ஆட்டோவில் வந்து இறங்குவாள். யார் பேரும் அவளுக்கு ஞாபகம் இருக்காது. அவரவர் வாங்குகிற மீன்தான் அவரவர் பேர். மருந்துக்கடை வினிதா அவளுக்கு ‘காரப்பொடி’. வாத்தியார் வீட்டம்மா ‘வவ்வாலு’. மீனே தொடாத என்னை ‘டயரு’ என்கிறாள். செவுளைத் தூக்கிப் பார்க்க யாரையும் விடமாட்டாள். “நானே காட்றேன், நீ கை வெச்சா அது கோச்சுக்கும்” என்பாள். போனை பிளாஸ்டிக் கவரில் போட்டு ரப்பர் பேண்ட் கட்டி வைத்திருக்கிறாள். கையெல்லாம் செதில் என்பதால் மூக்கு நுனியால் பட்டனை அமுக்குவாள்.

அவள் இடத்தை ஒட்டி மழைநீர் கால்வாய்க்குப் போட்ட மூடி ஐப்பசியில் லாரி ஏறி உடைந்தது. ஆள் இறங்கினால் இடுப்புக்கு மேல் ஆழம். வினிதாதான் தன் போனில் கார்ப்பரேஷனுக்குக் கம்ப்ளைன்ட் போட்டுக் கொடுத்தாள். எட்டாம் நாள் மெசேஜ் வந்தது. “அக்கா, க்ளோஸ் ஆயிடுச்சாம்” என்று கங்கையம்மாளைப் போனில் கூப்பிட்டுப் படித்துச் சொன்னாள். அவள் அப்போது கோவளத்தில், மீன் ஏலத்துக்கு நடுவில் இருந்தாள். கேட்டவுடனே வீட்டுக்குப் போன் போட்டு, “யோவ், குழிய மூட்டாங்களாம், இனிமே சுத்திக்கினு போவாத, நேரா போய் டீ குடி” என்றாள்.

அவள் வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்திக்குச் சர்க்கரையில் பார்வை மங்கி நாலு வருஷம். அந்தக் குழிக்குப் பயந்து தினமும் ரெண்டு தெரு சுற்றித்தான் டீக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்றைக்குப் பொண்டாட்டி சொன்னாளே என்று நேராக வந்தார். நான் ஒரு ஆட்டோவுக்கு ஜாக்கி போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினால் ஊன்றுகோல் மட்டும் மேலே கிடக்கிறது. தொடை எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. இன்னும் கட்டிலில்தான் இருக்கிறார்.

நான் ஆறாவதோடு நின்றவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நாம் கதவைச் சாத்துகிறோம், பானையை மூடுகிறோம், எலி வளையை அடைக்கிறோம், பேச்சை முடிக்கிறோம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சொல். எதைச் செய்தாய் என்று கேட்டால் சொல்லியாக வேண்டும். இந்த க்ளோஸ் வந்து எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டது. கடையும் க்ளோஸ், ரோடும் க்ளோஸ், ஆளைத் தீர்த்தாலும் க்ளோஸ், நெருங்கிப் பழகினாலும் க்ளோஸ்தானாம். அந்த மெசேஜை அனுப்பினவன் கம்ப்யூட்டரில் ஒரு வரியை முடித்தான். படித்தவளுக்குக் குழி மூடியது. நம்பி நடந்தவருக்குக் கால் போனது. பொய் சொன்னதாக ஒருத்தனையும் பிடிக்க முடியாது. எனக்கு வயிறு எரிவது அதனால்தான்.

அதற்குப் பிறகு நாலு தடவை புகார் போட்டாள். நாலும் க்ளோஸ். நான் ஒரு லாரி டயரை உருட்டிக் குழியில் செருகி வைத்தேன்; அதையும் எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஒரு நாள் கம்ப்ளைன்ட் நம்பருக்கு அடித்து, ஸ்பீக்கரைப் போட்டு அவளே பேசினாள்.

“மேடம், உங்க கம்ப்ளைன்ட் க்ளோஸ்ல இருக்கு.”

“கம்ப்ளைன்ட் க்ளோஸ்ல கீது கண்ணு. குழி ஓப்பன்ல கீதே.”

“சிஸ்டத்துல க்ளோஸ்னுதான் மேடம் காட்டுது.”

“அப்ப அந்த சிஸ்டத்த எடுத்தாந்து இங்க மூடு.”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “டயரு, அவன் மூட்டேன்னு சொன்னத நான் நம்பினேன் பாரு. நான்தான் அந்தாள தள்ளிவுட்டேன்” என்றாள். அன்றைக்குப் பிறகுதான் பலகை குழிக்குப் போனது. மீன் மத்தியானமே தீர்ந்தாலும், பள்ளிக்கூடம் விட்டு கடைசிப் பிள்ளை தாண்டுகிற வரை உட்கார்ந்திருப்பாள். பிறகு குழியில் ஒரு கழியை நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டு, பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். விட்டுப்போனால் டயர் போன வழியில் அதுவும் போகும்.

போன வாரம் ஆபீசிலிருந்து ஷ்யாம்சுந்தர் என்று ஒருத்தர் வந்தார். முப்பது வயசிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை. குழியைப் பார்த்தார், மேலே கிடந்த பலகையைப் பார்த்தார், முகம் தெளிந்துவிட்டது. “சேஃபாதானேம்மா இருக்கு. ஒரு போட்டோ ஏத்திட்டா க்ளோஸ் பண்ணிடலாம்” என்று போனைத் தூக்கினார்.

கங்கையம்மாள் எழுந்து பலகையைப் புரட்டி ஓரமாகச் சாய்த்தாள். நாற்றம் குப்பென்று ஏறியது.

“இப்ப எடு சாரு.”

“மூடி இருந்தாதாம்மா ஏத்த முடியும்.”

“அது மூடி இல்ல. என் மீன் பலக.”

“எனக்கும் மேல கேக்கறாங்கம்மா. இத முடிச்சிக்கிறேன், நீங்க புதுசா ஒண்ணு போடுங்க.”

“அஞ்சு தபா போட்டாச்சி நைனா. அஞ்சு தபாவும் நீங்க மூடினீங்க. இது மட்டும் தொறந்தே கீது.”

அவர் என்னைப் பார்த்தார். நான் டியூபைத் தொட்டியில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் பள்ளிக்கூட மணி அடித்தது. சின்னப் பிள்ளைகள் ஓடி வருகிற சத்தம் முனைவரை கேட்டது. கங்கையம்மாள் பலகையை இழுத்துக் குழியின் மேல் போட்டாள், காலால் மிதித்துப் பார்த்தாள். நிமிர்ந்தால், அந்த ஆள் மறுபடி போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்.

அவள் புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, பலகையின் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அரிவாள்மணையை இழுத்து முன்னால் வைத்து, அவர் பக்கம் திரும்பாமல், ஒரு சங்கராவின் செதிலைச் சுரண்ட ஆரம்பித்தாள்.