வடக்கு திரும்பாத தாள்

எங்கள் அலுவலகத்தில் வியூபோர்ட்டின் மேல் எனக்கு இருக்கும் பைத்தியம் வேறு யாருக்கும் கிடையாது. வேறு யாரும் என்றால் சார் ஒருவர்தான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், செருப்புக்கடைக்கு மேல் மாடியில் வீட்டு வரைபடம் வரைகிற இடம்; இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அவர், நான். டிப்ளமோ முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன்.

வீட்டை மாடல் என்கிற கம்ப்யூட்டர் வெளியில் ஒரே ஒரு முறை, அதன் நிஜ அளவிலேயே வரைகிறோம். பிறகு அச்சாக வேண்டிய தாளில் ஜன்னல் வெட்டுவது போல வியூபோர்ட்டுகளைத் திறக்கிறோம். ஒன்றில் முழு மனை, ஒன்றில் சமையலறை மட்டும், ஒன்றில் படிக்கட்டு பெரிதாக. எந்த ஜன்னல் வழியாக எப்படிப் பார்த்தாலும் வீடு இருந்த இடத்தில் இருக்கும். ஜன்னலுக்குள் காட்டும் அளவை வைத்ததும் அது மாறாதபடி லாக் செய்துவிட வேண்டும். "லாக் பண்ணுங்க சார்" என்று நான் நச்சரித்துக்கொண்டே இருப்பேன். "எனக்கும் சேத்து ஒரு பூட்டு போட்டுடு" என்பார்.

நான் சொல்ல வந்த வீடு திருநாவலூர்ப் பக்கம். மேற்குப் பார்த்தது, தெருவை ஒட்டி வடக்கு தெற்காக நீளம். அந்த வீட்டு அண்ணன் தம்பி இருவரில் அண்ணன் இறந்துபோயிருந்தார். அவர் மனைவியும் தம்பியும் பாகம் பிரித்துக்கொள்ள வந்தார்கள். எங்கள் பக்கம் மூத்தவர் பங்கு தெற்கிலோ மேற்கிலோ இருக்க வேண்டும். அதன்படி தெற்குப் பாதி அண்ணிக்கு, வடக்குப் பாதி தம்பிக்கு. தண்ணீருக்குப் போர்க் கிணறு போட்டிருந்தது தெற்குப் பாதியில். அண்ணன் கடைசியாகப் படுத்திருந்த அறையும் அங்கேதான்.

நான்தான் அளக்கப் போனேன். நடுவில் சுவர் எங்கே வருகிறது என்று கேட்டதற்குத் தம்பி சிரித்தார்.

"சொவுரு இன்னாத்துக்கு பாப்பா? பேப்பர்ல கோடு இருந்தா போதும். பசங்க அங்கயும் இங்கயும் ஓடிக்கினு கெடக்கும்."

"எந்தப் பக்கம் கொழம்பு வாசன வருதோ அந்தப் பக்கம் துன்னும்ங்க" என்றார் அண்ணி.

மாடலை முடித்துவிட்டு, கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரை அளக்க ஏறிவிட்டேன். தாளை சார் தயார் செய்தார். நீளமான வீடு படுக்கைத் தாளில் நிற்காது. அதனால் வியூபோர்ட்டுக்குள் பார்வையை மட்டும் திருப்பிப் படுக்க வைத்திருந்தார். தெரு கீழே, வடக்குப் பாதி இடது பக்கம், தெற்குப் பாதி வலது பக்கம். அதில் தப்பே இல்லை, நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் எங்கள் அலுவலகத்தில் வடக்கைக் காட்டும் அம்பு மாடலில் கிடையாது. தாளைச் சுற்றி வரும் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வரும், பல வருடப் பழக்கம். ஜன்னலுக்குள் வீடு திரும்பியது. சட்டத்தில் இருந்த அம்பு நேராக மேலே பார்த்துக்கொண்டு நின்றது. அந்தத் தாளைத் தம்பிதான் தனியாக வந்து வாங்கிப்போனார்.

மலையிலிருந்து இறங்கிய பிறகு, கூடுதல் நகல் கொடுக்க என்னைப் பத்திரம் எழுதுகிறவர் கடைக்கு அனுப்பினார் சார். நான் போனபோது எழுதுகிறவர் தான் எழுதியதை அண்ணிக்கும் தம்பிக்கும் வேகமாகப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தார். நாலெல்லை, அடி, அங்குலம் எதையும் யாரும் காதில் வாங்கவில்லை. 'போர் நீங்கலாக' என்று வந்ததும் அண்ணி நிமிர்ந்தார்.

"இன்னாங்க? மறுபடி படிங்க."

படித்தார்.

"அப்ப போரு யாருக்கு?"

"கிழக்குப் பாகத்துக்கும்மா. உங்க கொழுந்தனாருக்கு."

அண்ணி மெதுவாகத் திரும்பினார். "பேப்பர வாங்க நீ ஒண்டியாத்தான போன தம்பி?"

"அண்ணி, எனுக்கு இன்னா தெரியும்? குடுத்தாங்க, வாங்கினு வந்தேன்."

"அவரு மூச்சு வுட்ட ரூமையும் சேத்து எழுதிக்கினியே. அவரு இருந்தா எழுதியிருப்பியா?"

பக்கத்து டீக்கடையில் பேச்சு நின்றது. தம்பி வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினார். அவர் காது சிவந்திருந்தது.

மேசையில் கிடந்த தாளைப் பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. எழுதுகிறவரிடம் தெற்கு, வடக்கு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். தாளில் அம்பின்படி இருந்ததோ மேற்குப் பாதியும் கிழக்குப் பாதியும். திசையை மாற்றிச் சொல்லிவிட்டார்கள், மூத்தவர் பங்கு மேற்கு என்பதும் வழக்கம்தானே என்று இடது பாதியை அண்ணிக்கு எழுதிவிட்டார். அது உண்மையில் வடக்குப் பாதி.

"அக்கா, இருங்க! அம்பு தப்பு. அவர் ஒண்ணும் பண்ணல!" தாளைத் திருப்பிப் பிடித்து, தெருவையும் போரையும் தொட்டுத் தொட்டுக் காட்டினேன்.

"அம்பப் பாத்துத்தான் எழுதனேன். நான் இன்னா வூட்டையா வந்து பாத்தேன்?" என்றார் எழுதுகிறவர்.

அண்ணிக்கு விளங்கிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு "தம்பி" என்றார். அதற்குள் வெளியே அவர் வண்டி கிளம்பிவிட்டது.

அம்பைப் பற்றிச் சொன்னதும் சார் என்னோடு வாதாடவில்லை. திருத்திய தாளை எடுத்துக்கொண்டு அவரே அந்த வீட்டுக்குப் போய்வந்தார். "இன்னா சார் சொன்னாங்க?" என்றேன். "காபி குடுத்தாங்க. ஒரே வூட்ல ரெண்டு எடத்துல" என்றார். நான் அம்பை மாடலுக்குள் கொண்டுபோய் வைத்தேன். இனி வீடு திரும்பினால் அதுவும் திரும்பும். பத்திரம் சரியாகவே பதிவானது. அண்ணிக்குத் தெற்கு, போர், அறை, எல்லாம்.

பிறகு ஒரு நாள் தம்பி மட்டும் வந்தார்.

"கோட்டு மேல சொவுரு போடணும் பாப்பா."

"அவங்கதான் அன்னிக்கே புரிஞ்சிக்கினாங்களேண்ணா..."

"பேப்பர்ல இருந்தத நீ திருத்திட்ட. டீக்கடயில நின்னவன்லாம் பாத்தானே, அத யாரு திருத்துவா? அவங்க வாயில அது வந்துச்சே."

வரைந்தேன். கோட்டின் மேல் ஒன்பது அங்குலச் சுவர். அதை மட்டும் பெரிதாகக் காட்ட ஒரு புது வியூபோர்ட். எப்போதும் ஓடிக்கொண்டே வேலை செய்கிற கை, அன்றைக்கு ஒவ்வொரு கோட்டுக்கும் நின்று நின்று போனது.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அண்ணி படியேறி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் சுவரைக் காட்டினேன். விரலால் அதைத் தொட்டுக்கொண்டே போய் நடுவில் நிறுத்தினார்.

"இதுல ஒரு கதவு வெக்க எடமிருக்கா?"

தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அண்ணி கேட்பதைச் சொன்னேன். மறுமுனையில் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "தாப்பா எந்தப் பக்கம்னு கேளு" என்றார்.

"தம்பி பக்கமே இருக்கட்டும்" என்றார் அண்ணி.

மோட்டார் நின்றது.

"சரி. வை."

கதவைப் போட்டேன். தாழ்ப்பாளை வடக்குப் பக்கம் வைத்தேன். தாள் அச்சாகி வெளியே வரும்வரை அண்ணி எழுந்திருக்கவில்லை.