பின்சீட்டில் ஈரம்

என் வீட்டு வாசலில் இருந்த செருப்பு ஸ்டாண்டுதான் என்னை ஒரு தொண்டு நிறுவனத்தின் தலைவியாக்கியது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. அப்போது புனேயின் சாங்வியில் குடியிருந்தோம். நான் ஒரு கல்லூரியில் நூலகர். எதிர் வீட்டுக்காரர்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபோர்மன். அம்மா வீட்டில். ஒரே மகள், புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள், ஹிஞ்சேவாடியில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருந்தாள். காலையில் கம்பெனி கேப் வந்து அவளை அள்ளிக்கொண்டு போகும். அலுவலகம் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். இரண்டு முறை மணி அடித்து நின்றால் பத்திரமாகச் சேர்ந்துவிட்டாள் என்று பொருள். அம்மா போனை எடுக்க மாட்டாள். எடுத்தால் காசு போய்விடும். எதிர் வீட்டு மணி இரண்டு முறை அடித்து ஓய்வதைக் கேட்டுத்தான் நான் கல்லூரிக்குப் புடவை மாற்றக் கிளம்புவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெண் மடிக்கணினியோடு வந்து என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள்.

"ஆண்ட்டி, நீங்க எங்க ப்ரெசிடெண்ட் ஆவீகளா?"

அவள் தமிழ் அப்படித்தான் இருக்கும். பாதி அம்மாவின் தாமிரபரணி, மீதி கான்வென்ட்.

விஷயம் இதுதான். காலை ஷிஃப்ட்டை இறக்கிவிட்டபின் கேப் டிரைவர்கள் சாயங்காலம் வரை வண்டிக்குள் படுத்துத் தூங்குகிறார்கள். வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி இன்னொரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகள் மணல் குவியலில் விளையாடுகிறார்கள். மராத்திப் பள்ளிக்கூடம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நடந்து போக முடியாது. தூங்கும் கேப்களில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டால் என்ன? அவளும் அலுவலக நண்பர்களுமாக ஆறு பேர் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்குகிறார்கள். பதிவு செய்ய ஏழாவதாக ஒரு ஆள் வேண்டும்.

"அதுக்கு நான் எதுக்கு?"

"எங்க ஆறு பேரையும் பார்த்துட்டு ரிஜிஸ்ட்ரேஷன் ஆபீஸ்ல ஒரு அங்கிள், 'என்ன, காலேஜ் பிக்னிக்கா?'ன்னு கேட்டாரு. கொஞ்சம் வயசான மாதிரி ஒருத்தர் வேணும்."

"வயசான மாதிரியா?"

"சாரி, மெச்சூர்! அதுவுமில்லாம உங்க வீட்டுச் செருப்பெல்லாம் ஜோடி ஜோடியா ஒரே பக்கம் பார்த்து நிக்குது. அதைப் பார்த்துத்தான் டிசைட் பண்ணோம்."

ஒழுங்கைப் பாராட்டி என்னிடம் எதைக் கேட்டாலும் கிடைத்துவிடும் என்பதை அவள் சிறுவயதிலேயே தெரிந்துவைத்திருந்தாள். கையெழுத்துப் போட்டேன்.

அவளுடைய அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. மகள் வேலையையே விட்டுவிட்டு இதில் இறங்கப் பார்க்கிறாள் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்களும் சேர்ந்து கூத்தடிக்கீங்களேக்கா. படிக்க வச்சது கேப்ல பிள்ளைய ஏத்தவா?"

கடைசியில் வீட்டில் ஒரு உடன்பாடு ஏற்பட்டது. தீபாவளி விடுமுறை வரை பார்ப்பது. அதற்குள் இந்தக் காரியம் காலூன்றி நின்றுவிட்டால் மகள் வேலையை விடலாம். நிற்கவில்லை என்றால் மூட்டை கட்டிவிட்டு, ஒழுங்காக அலுவலகம் போகவேண்டும்.

கம்பெனியில் போக்குவரத்தைக் கவனித்தவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மேஜர். சீருடை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள், போக ஒரு டிரிப், வர ஒரு டிரிப் என்று வாய்மொழியாக அனுமதி கொடுத்தார். ஆறு பேரும் அசந்துபோகும் அளவுக்குத் திட்டம் போட்டார்கள். ஏறும் இடம், காத்திருக்கும் நேரம், மாற்று வண்டி என்று எல்லாம் தயாராக இருந்தது. சனிக்கிழமையை மட்டும் மறந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் சனிக்கிழமையும் உண்டு, அதுவும் விடிந்தும் விடியாமலும். ஐ.டி.காரர்களுக்கு வாரம் வெள்ளியோடு முடிந்துவிடுகிறதே. முதல் சனிக்கிழமை பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் தடவி, சீருடையில், வராத கேப்புக்காக நின்றிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பொறியாளர்கள் முறை வைத்து, தூக்கம் கலையாத முகத்தோடு ஆறுசீட்டு ஆட்டோவில் பிள்ளைகளை அழைத்துப்போனார்கள்.

ஆனால் பெரிய சிக்கல் அதுவல்ல. பள்ளி போகும் பிள்ளைகளில் பெரிய பெண்கள் ஐந்து பேர். ஒவ்வொருத்தியின் இடுப்பிலும் ஒரு தம்பியோ தங்கையோ. அம்மா சிமெண்ட் சுமக்கும்போது குழந்தையை வைத்துக்கொள்வது அவர்கள்தான். பள்ளிக்கு வா என்றால் இடுப்பையும் சேர்த்துத்தானே கொண்டுவருவார்கள். தலைமை ஆசிரியை இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "இது பள்ளிக்கூடம், பால்வாடி இல்லை. இந்த ஐந்து பேரும் தீபாவளி விடுமுறை வரை கைக்குழந்தை இல்லாமல் தினமும் வரட்டும். இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை அழுதால் நாலாம் வகுப்பும் நின்றுவிடும். சுவரே கிடையாது.

ஆக, வீட்டிலும் தீபாவளி, பள்ளியிலும் தீபாவளி. ஐந்து பெண்களின் பெயர் நிலைத்தால் இவளுடைய ஆசையும் நிலைக்கும்.

அடுத்த வாரமே ஐந்து பேரும் வெறும் இடுப்போடு பள்ளிக்குப் போகத் தொடங்கினார்கள். எப்படி என்று கேட்டால், "ஒரு சொல்யூஷன் கிடைச்சிருக்கு ஆண்ட்டி. நேர்ல வந்து பாருங்க" என்றாள். கல்லூரி விடுமுறை நாள் ஒன்றில், தலைவி என்ற முறையில் பார்வையிடப் போனேன்.

வேப்பமர நிழலில் மூன்று வண்டிகள் கதவுகளை விரியத் திறந்துபோட்டு நின்றன. முன்சீட்டில் டிரைவர்கள். பின்சீட்டில் குழந்தைகள். ஒரு வண்டிக்குள், மேலே இருந்த இரண்டு கைப்பிடிகளுக்கு இடையில் நைலான் துப்பட்டாவில் தூளி கட்டி அதில் ஒன்று தூங்கியது. மீசை வைத்த டிரைவர் ஒருவர் தூங்கியபடியே ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக்காரர்.

"நாங்க எப்படியும் தூங்கத்தானே போறோம், மேடம்" என்றார் அவர் இந்தியில். "பக்கத்துல இதுங்களும் தூங்கட்டும். டீ டயத்துல அம்மாக்கள் வந்து பால் குடுத்துட்டுப் போறாங்க."

"முழிச்சுக்கிட்டா?"

"முழிச்சா ஹாரன் அடிக்க விடுவேன். ரொம்ப ஷாந்தமா ஆயிடும்."

சாவிகளைக் கழற்றிச் சட்டைப்பையில் வைக்கச் சொன்னேன். எந்நேரமும் ஒரு டிரைவராவது விழித்திருக்க வேண்டும் என்றேன். ஹாரன் வேண்டாம் என்றேன். "மேஜர் சாருக்குத் தெரியுமா?" என்று உடன் நின்ற எதிர் வீட்டுப் பெண்ணைக் கேட்டேன்.

"இன்னும் இல்ல. சொல்லணும் ஆண்ட்டி. நல்ல டயம் பார்த்து..."

நல்ல நேரம் வருவதற்குள் தீபாவளிக்கு முந்தைய வாரம் வந்துவிட்டது. மேஜர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். சாயங்கால டிரிப்பில் ஒரு மேலாளரின் பேன்ட் பின்பக்கம் நனைந்துவிட்டதாம், எழுத்தில் புகார் வந்திருக்கிறதாம்.

அன்று இரவு என் மேஜையில் ஆறு பேரும் கூடினார்கள். "மறைக்கக் கூடாது. நம்ம வேல்யூஸே டிரான்ஸ்பரன்சிதான்" என்றான் ஒருவன். எதையும் ஒளிக்காமல் படம் போட்டுக் காட்டிவிடுவது என்று முடிவானது. அவர்களுக்கு அது இயல்பு. பல் வலி என்றால்கூட ஸ்லைடு போடுவார்கள். மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட பருத்திப் புடவையில் அவளோடு போனேன்.

மேஜர் வாயைத் திறக்கும் முன்பே மடிக்கணினி திறந்துவிட்டது. முதல் ஸ்லைடில் ஐந்து பெண்கள் சீருடையில். இரண்டாவதில் வருகை. மூன்றாவதன் தலைப்பு 'சவால்களும் கற்றுக்கொண்டவையும்'. அதன் கீழே, கம்பெனி கேப்பின் பின்சீட்டில், கால்சட்டை இல்லாமல், குப்புறப் படுத்துத் தூங்கும் குழந்தையின் படம். "வி ஆர் வெரி சாரி, சார். மூணு மாசமா இது நடக்குது. முழுப் பொறுப்பும் என்னுது" என்றாள்.

மேஜர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"பேட்டா, நான் உன்னைக் கூப்பிட்டது ஏ.சி. பத்திக் கேட்க. ஏ.சி. தண்ணி ஒழுகுதுன்னு புகார். உங்க ஸ்கூல் டிரிப்புல பசங்க யாராவது அதுல கை வச்சாங்களான்னு கேக்கலாம்னு நினைச்சேன். வண்டிய ரெண்டு தடவை கராஜுக்கு அனுப்பிட்டேன். மெக்கானிக் ஒழுகலே இல்லைன்னு சத்தியம் பண்றான்."

அவள் மடிக்கணினியை மூடலாமா, திறந்தே வைத்திருக்கலாமா என்று தெரியாமல் பாதி மூடினாள்.

"அது தண்ணி இல்லையா?" என்றார் மேஜர்.

"இல்லை சார்," என்றேன் நான். தலைவியாக நான் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். தோள் குலுங்கியது. கோபமோ என்று பயந்தேன். திரும்பியபோது கண்ணில் நீர் கோத்திருந்தது. அந்த மேலாளரை அவருக்கு ரொம்ப நாளாகவே ஆகாது என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் மேஜர் மேஜர்தான்.

"குழந்தைகள் வண்டியில கூடாது. இன்னையிலேர்ந்து ஸ்டாப். ஏதாவது ஒண்ணு ஆனா யார் பதில் சொல்றது?"

"சார், இன்னும் ஒரு வாரம்தான்..." என்று தொடங்கினாள். தலைமை ஆசிரியை, ஐந்து பெயர்கள், தீபாவளி எல்லாவற்றையும் ஸ்லைடு இல்லாமலே சொன்னாள். இந்தி, மராத்தி, இங்கிலீஷ் எல்லாம் கலந்து வந்தது. அழவில்லை. மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

மேஜர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். டிரைவர்கள் ஓய்வெடுக்க ஒரு கொட்டகை வேண்டும் என்று அவர் பல தடவை எழுதிப்போட்டிருக்கிறாராம். மேலிடத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. "வண்டியிலேயே தூங்கட்டுமே, என்ன கெட்டுப்போச்சுன்னாங்க. என்ன கெட்டுப்போகும்னு இப்ப காட்டறேன்" என்றார். அந்த மூன்றாவது ஸ்லைடைத் தனக்கு அனுப்பச் சொன்னார்.

இரண்டே நாளில், வேப்பமரத்தடியில் தகரக் கூரையும் இரண்டு மின்விசிறியும் வந்துவிட்டன. பாதி டிரைவர்களுக்கு, பாதி குழந்தைகளுக்கு, நடுவில் இடுப்பு உயரத் தடுப்பு. கட்டட வேலையிலிருந்து ஒரு பெண்ணைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தினார்கள். கொட்டகை வராத அந்த இரண்டு நாளும் ஆறு பொறியாளர்கள் மாறி மாறி விடுப்பு எடுத்து, ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். விடுமுறை விடும் நாளில் ஐந்து பெயர்களும் பள்ளியில் இருந்தன.

கொட்டகை வந்ததில் வருத்தப்பட்டவர் பீட் டிரைவர் ஒருவர்தான். "வண்டியில ஒண்ணுதான் அழும். இங்க எல்லாம் சேர்ந்து அழுது, மேடம்."

தீபாவளி கழிந்ததும் அவள் வேலையை விட்டாள். எதிர் வீட்டு அம்மாவின் பேச்சு நின்றுபோயிற்று. மகளோடு மட்டுமல்ல, தலைவியோடும்தான். மகள் இப்போது பஸ்ஸில் ஹிஞ்சேவாடி போனாள். ஆனாலும் சேர்ந்ததும் மிஸ்டு கால் கொடுப்பதை நிறுத்தவில்லை. இரண்டு மணி, பிறகு அமைதி. நான் புடவை மாற்றக் கிளம்புவேன்.

பல நாள் கழித்து அம்மா என் வீட்டு மணியை அடித்தாள். கையில் ஒரு துணிப்பை.

"நைலான் துப்பட்டால தூளி கட்டிருக்காளாமே. பிள்ளைக்கு வேர்க்காதா? முடிச்சு வழுக்காதா? இதுல நாலு நூல் சேலை இருக்கு. பழசுதான். கொண்டுக் குடுங்க."

"நீங்களே அவகிட்ட குடுக்கலாமே?"

"நான் அவகூடப் பேசலக்கா. வேலையை விட்டது எனக்குப் பிடிக்கல. அது வேற. பிள்ளைக என்ன பண்ணுச்சு?"

மறுநாள் நானும் விடுப்புப் போட்டுப் பையோடு பஸ்ஸில் அவளுடன் போனேன். கொட்டகையில் சேலைகளைப் பிரித்தாள். மூன்றை எடுத்து வைத்துவிட்டு, நாலாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பச்சையில் மஞ்சள் கட்டம்.

"இது அம்மா எனக்கு வேலை கெடச்ச அன்னிக்குக் கட்டினது" என்றாள்.

பிறகு அதையும் பீட் டிரைவரிடம் கொடுத்தாள். அவர் கூரையைத் தாங்கும் இரும்புக் குழாயில் இறுக்கி முடிச்சுப் போட்டு, தொங்கிப் பார்த்து, சரி என்று தலையாட்டினார். அவள் போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். ஒரு மணி, இரண்டு மணி. துண்டிக்க விரல் போயிற்று.

அதற்குள் அம்மா எடுத்துவிட்டாள்.

"ஏட்டி, சேந்துட்டியா?"