தலைகீழாய்ப் பறந்த பத்துச் சுற்று

பார்லர் அக்காவுக்குக் கத்திரி நீளம், வாய் அதைவிட நீளம். முடி வெட்டுகிற மேசையிலேயே, சீப்புக்கும் டிரையருக்கும் நடுவில், ரிமோட்டில் பறக்கும் பந்தய விமானம் கட்டுகிற பெண்மணியை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா? நாற்காலியில் உட்கார்ந்தவள் தெரியாத்தனமாக, "இது என்னக்கா, பொம்மையா?" என்று கேட்டுவிட்டால் போச்சு. பாதி வெட்டிய தலையோடு முழுப் பாடமும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும்.

பொம்மையாம்! மைதானத்தில் மூன்று கம்பம் நட்டிருப்பார்கள். நாலு விமானம் ஒன்றாகக் கிளம்பி, இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பிப் பத்துச் சுற்று வர வேண்டும். கம்பத்துக்கு உள்ளே குறுக்கே வெட்டினால் தண்டனையாக இன்னொரு சுற்று. ஓட்டுகிறவர் விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பதால், கம்பத்தைப் பார்த்து "திரும்பு" என்று கூவப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பார். அக்காவுக்குக் கூவுகிறவர் அவள் வீட்டுக்காரர், பஸ் டிரைவர். நல்ல மனுஷன், ஆனால் கம்பம் தாண்டி ஊரும் தாண்டிய பிறகுதான் வாயைத் திறப்பார். "பத்திரமா சுத்தணும்ல" என்பார். அந்தப் பத்திரத்தின் புண்ணியத்தில் வருஷா வருஷம் கடைசி இடம்.

இதற்குள் மூன்று விமானங்கள் தூள் தூளாகியிருந்தன. மூன்றாவது மூக்கோடு மண்ணில் செருகிய அன்று, அக்கா கோபத்தில் வீட்டார் முன்னால் கத்திவிட்டாள்: "இன்னொண்ணு உடைஞ்சா இந்த ரிமோட்டைத் தொடவே மாட்டேன், போதுமா?" சொன்னால் சொன்னதுதான், அவளிடம் அதுதான் தொல்லை. சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தாள். இது இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நாலாவதைப் பிள்ளை போல் பார்த்துப் பார்த்துக் கட்டினாள். இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கி எடை பார்த்தாள். மூக்கு கனமாக இருந்தால் விமானம் சாது, ஆனால் சட்டென்று திரும்பாது. வால் கனமாக இருந்தால் துள்ளும். பேட்டரியை இம்மி இம்மியாகப் பின்னால் நகர்த்தி, ஆடாமல் நின்ற இடத்தில் கட்டினாள். எல்லாம் சரி. பந்தயத்தன்று காலை கடையில் கூட்டம். ஒரு கையில் சீப்பு, மறு கையில் ரிமோட். மூக்கு கண்ணாடியைப் பார்க்க நின்ற விமானத்தை, தலை வாரிக்கொண்டே கண்ணாடியில் பார்த்து, அதை இடம் வலமாகச் சாய்க்கும் இறக்கை மடல்களைச் சோதித்தாள். எதிரே தெரிந்த விமானம் தன்னைப் பார்த்து நிற்கிறது, ஆகவே இடம் வலம் மாறித் தெரிகிறது என்று கணக்குப் போட்டு, சரியாக இருந்ததை ரிமோட்டில் மாற்றி வைத்தாள். நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் நிற்பவள், கண்ணாடியில் இடப்பக்கம் இடப்பக்கமாகவேதான் தெரியும் என்பதையே மறந்துவிட்டாள்!

பந்தய மைதானத்தில் டிரைவர் ஓடிப்போய் அதைக் காற்றில் வீசினார். விமானம் சீறிக்கொண்டு எழும்பியது. அக்கா குச்சியை இடப்பக்கம் தள்ள, அது வலப்பக்கம் சாய்ந்தது. தரைக்கு ஒரு முழம் இருக்கையில் எதிர்ப்பக்கம் தள்ளிப் பிழைத்தாள்.

"ஏங்க! இடதுன்னா வலது போகுதுங்க!"

"ஐயையோ, இறக்கிடு!"

"இறக்குறதுக்கும் திருப்பணும்ல, மனுஷா!"

ரிமோட்டில் ஒரு பட்டனைத் தேடித் தட்டினால் சரியாகிவிடும். ஆனால் அதற்குக் கண்ணைக் கீழே இறக்க வேண்டும். அந்த வேகத்தில் கண்ணை இறக்கினால் விமானமும் இறங்கிவிடும். இத்தோடு முடிந்தது என்றே அக்கா நினைத்தாள்.

டிரைவர் அவள் தோளோடு ஒட்டி நின்றார். "நான் வலதுன்னா வலது தள்ளு. இடதுன்னா இடது. நீ யோசிக்காத, அதை நான் பாத்துக்கிறேன்."

"வலது! இழு! இடது!" சாய்ந்து, வளைந்து, நிமிர்ந்து விமானம் முதல் கம்பத்தைத் தாண்டியது. நாக்கு நுனிக்கு வந்த 'இடது'வை 'வலது' ஆக்கி அனுப்ப வேண்டியிருந்ததால், மனுஷன் கம்பம் வருமுன்னே சுதாரித்துக்கொண்டார். கல்யாணமான நாளாய் முதல் தடவையாக அவர் குரல் நேரத்துக்கு வந்தது. விமானம் கம்பத்தை உரசாத குறையாக வளைந்தது. மூன்றாவது ஆள் பின்னால் போனார். இரண்டாவது ஆளும் போனார். மிச்சம், வருஷா வருஷம் ஜெயிக்கும் மீசைக்காரர் ஒருவர்தான்.

கடைசிச் சுற்று, கடைசிக் கம்பம். மீசைக்காரரின் விமானம் கொஞ்சம் அகலமாக வளைந்தது. "வலது!" என்று டிரைவர் தொண்டை கிழியக் கத்தினார். அக்கா யோசிக்கவே இல்லை, தள்ளினாள், இழுத்தாள். அவள் விமானம் உள்பக்கமாக நுழைந்து, கம்பத்தை வெட்டாமல், கோட்டை முதலில் தாண்டியது. மைதானமே எழுந்து நின்று கத்தியது.

அதே குரலைப் பிடித்துக்கொண்டு இறக்கினாள். புல்லில் வழுக்கி நின்ற விமானத்தில் ஒரு கீறல் இல்லை. அக்கா அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள், அழுகையோடே சிரித்தாள்.

மீசைக்காரர் வந்து கை கொடுத்தார். "அந்த வளைவு எப்படிக்கா?"

"அதை இவர்கிட்ட கேளுங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடம் வலத்தைச் சரியாக மாற்றி வைக்க ரிமோட்டை எடுத்தாள். டிரைவர் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுல கை வைக்காத தாயே. இப்பதான் எனக்குக் கூவ வருது."